தண்ணீருக்குள் இரண்டு தட்டு

போன கிழமை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் பழைய படகுத்துறையின், நம் ஜெட்டியின், படத்தைப் போட்டிருந்தீர்கள். பலகைகள் எல்லாம் போய்விட்டன. நாலைந்து தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் நிற்கின்றன. படத்துக்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: "இஞ்சதானே அந்தக் கிண்ணியா நானா பிழையாத் தட்டி எங்கட ரீச்சற்ர சித்தப்பா செத்தவர்?" ரீச்சர் என்றது என்னை. அந்த வரிக்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் பிறந்தநாள் கேக்கைப் போட்டுவிட்டுப் பிறகு அழித்திருந்தார். அது யார் என்று பார்த்துவிட்டேன், சொல்லமாட்டேன்.

நான் பதில் எழுதவில்லை. பழைய துக்கம் கிளம்பிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். துக்கம் இல்லை, பயம். அந்த நானா பிழையாகத் தட்டவில்லை. சித்தப்பாவைக் கொன்ற அந்தத் தட்டு அவருடைய தட்டே இல்லை. யாருடையது என்று பதினொரு வயதிலிருந்து எனக்குத் தெரியும். இப்போது எனக்கு அறுபத்திரண்டு. அவ்வளவு காலமும் ஒரு மனிதரின் பெயரை ஊர்வாயில் போட்டு மெல்ல விட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். இதை ஒழுங்காகச் சொல்லி முடிக்க வேண்டும். முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான், எதையும் அடியிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. கலியாணம் கட்டவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். சங்கு குளிப்பதுதான் அவர் தொழில். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, கொட்டியாரக் குடாவின் அடியில் சேற்றைத் துழாவி, இடுப்புப் பையில் சங்கோடு மேலே வருவார். ஆழத்தில் தண்ணீர் அழுத்தி அழுத்தி அவருடைய காதுகள் கொஞ்சம் மந்தம். அதனால் எதையும் உரத்துத்தான் பேசுவார். மாதா கோயிலில் பூசை நேரம் அவர் என் காதுக்குள் சொல்லும் இரகசியம் பீடத்தில் நிற்கும் சுவாமியாருக்கும் கேட்கும். ஒருநாள் சுவாமி பிரசங்கத்தை நிறுத்தி, "பிள்ளைக்குப் பசிக்குதாம், கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். நானும் சித்தப்பாவும் வெளியே வந்து சிரித்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டினோம்.

கடலில் அவருடைய உயிரைக் கையில் வைத்திருந்தவர் கிண்ணியா நானா, கிண்ணியா ஊர் முஸ்லிம். சித்தப்பா இறங்க, நானா வள்ளத்தில் நிற்பார். ஆறு வருடமாக அப்படி ஒன்றாகத் தொழில் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவர் வருகிற நாளில் அம்மா பன்றி சமைத்த சட்டியைக் குசினிக்குள்ளேயே வைக்கமாட்டா, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவருக்குச் சோறு போடுவா. நானா அதைக் கவனிக்காதவர் மாதிரிச் சாப்பிடுவார், ஆனால் கவனித்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய வேலை பார்த்திருப்பதும் தட்டுவதும். வள்ளத்தின் பக்கத்தில் ஒரு அலவாங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அந்த இரும்புக் கம்பியின் பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. வெளியே நிற்கும் தலையில் சுத்தியலால் அடித்தால் சத்தம் இரும்பு வழியே இறங்கித் தண்ணீருக்குள் போய்விடும். கடகடவென்று விடாமல் தட்டினால், மூதூருக்கு ஆட்களை ஏற்றும் லாஞ்ச் வருகிறது, மேலே வராதே, அடியில் பிடித்துக்கொண்டு கிட என்று அர்த்தம். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தட்டு என்றால், லாஞ்ச் போய்விட்டது, வா.

இதெல்லாம் என்னத்துக்கு, லாஞ்சின் இரைச்சல் சித்தப்பாவுக்குக் கேட்காதா என்று நான் கேட்டிருக்கிறேன். கேட்கும், அதுதான் கரைச்சல் என்றார். "மேல நிண்டா லாஞ்ச் எந்தப் பக்கத்தால வருகுதெண்டு காது சொல்லும். கீழ அது சொல்லாது பிள்ளை. என்ர மண்டைக்குள்ள ஓடுற மாதிரித்தான் கேக்கும். மூதூர்க் கரையில நிக்குதோ என்ர தலைக்கு மேல நிக்குதோ, ஒண்டும் விளங்காது."

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஜெட்டியின் நுனியில் இருந்து பார்த்தால் நானாவின் சுத்தியல் முதலில் விழும், "டங்" என்ற சத்தம் பிறகுதான் வந்து சேரும். ஏன் இப்படி என்று நானாவிடம் கேட்டேன். "அதுவும் நடந்துதானே வரணும் புள்ள, பஸ்ஸா போட்டு வெச்சிரிக்கி?" என்றார். அந்த வயதில் எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

ஆறாம் வகுப்பில் நமக்கு வந்த விஞ்ஞான ரீச்சரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டியும் நூலும் வைத்திருப்பா. பாண்ட் வாத்தியத்துக்கு வைத்திருந்த பெரிய மேளத்தை அதிபரிடம் கெஞ்சி வாங்கி வந்து, அதன் தோலின் மேல் ஒரு பிடி அரிசியைப் போட்டு, ஓரத்தில் தட்டினா. அரிசி துள்ளியது. "பாத்தீங்களே? சத்தம் எண்டது நடுக்கம். ஒரு சாமான் நடுங்கினா அதுக்குப் பக்கத்தில இருக்கிறதும் நடுங்கும்." பிறகு தொண்டையில் கையை வைத்து "ம்" என்று சொல்லச் சொன்னா. நாற்பது பிள்ளைகள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "ம்ம்ம்" என்று இருந்ததைப் பார்த்து வாசலால் போன அதிபர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் எட்டுப் பேரைத் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்க வைத்தா. கடைசியில் நின்றவரை மெதுவாகத் தள்ளினா. அந்தத் தள்ளல் ஒவ்வொருவராகக் கடந்து போய், முன்னால் நின்றவர் கரும்பலகையில் போய் முட்டினார். "ஆரும் தன்ர இடத்தை விட்டுப் போனவையே? இல்லை. ஆனா தள்ளு போய்ச் சேர்ந்திட்டுது. அந்தத் தள்ளுக்குள்ள இருக்கிறது சக்தி. சத்தமும் அப்பிடித்தான் போகுது. காத்தில துகளெல்லாம் எட்டி எட்டி நிக்குது, மெதுவாத்தான் போகும். தண்ணியில நெருக்கமா நிக்குது, நாலு மடங்கு கெதியாப் போகும். இரும்பில துகள் ஒண்டையொண்டு விடாமல் இறுக்கிப் பிடிச்சபடி நிக்குது, இன்னும் கெதி." முட்டியவருக்கு நெற்றி புடைத்துவிட்டது. அவர் இன்றைக்கும் இந்தக் குழுவில் இருக்கிறார், விஞ்ஞானத்துக்கு இரத்தம் சிந்தியவர்.

வெள்ளிக்கிழமை ரீச்சர் வீட்டுவேலை தந்தா. ஒரு வாளித் தண்ணீருக்குள் காதை வைத்து, யாரையாவது வாளியின் பக்கத்தில் தட்டச் சொல்லி, எப்படிக் கேட்கிறது என்று எழுதி வர வேண்டும். நீங்கள் எல்லோரும் வாளியில் செய்தீர்கள். எனக்கு வாளி போதவில்லை. திங்கட்கிழமை எழும்பி நின்று வகுப்பே வாயைப் பிளக்கிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் என் முகம் சுடுகிறது.

சனிக்கிழமை காலை நானும் என் மச்சாளும் ஜெட்டிக்குப் போனோம். மாமாவின் மகள், நம் வகுப்புத்தான், உங்களுக்குத் தெரியும். அப்பாவின் மரப்பெட்டியிலிருந்து லாஞ்சுக்குப் பூட்டுகிற பெரிய போல்ட் இரண்டை எடுத்து என் சட்டையில் சுருட்டிக்கொண்டு போயிருந்தேன். கச்சான் காற்றுக் காலம். காலையிலேயே தரையிலிருந்து சூடாக வீசியது. கடலில் அலை இல்லை. குடாவில் நானாவின் வள்ளம் நின்றது. அவர் நிற்பது சின்னதாகத் தெரிந்தது.

மச்சாள் கரைப்பக்கம் கல்லுகளுக்குக் கிட்ட இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையைத் தாழ்க்க வேண்டும். நான் ஜெட்டியின் நுனிப்படியில் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு போல்ட்டையும் தண்ணீருக்குள் வைத்துத் தட்ட வேண்டும். எத்தனை தட்டு என்று அவள் எழும்பி விரலில் காட்ட வேண்டும். முதலில் ஒன்று தட்டினேன். ஒரு விரல். ஐந்து தட்டினேன். ஐந்து விரல். எனக்கு என் தட்டுக் காற்றில் கேட்கவேயில்லை, கைக்குள் ஒரு கிறுகிறுப்பு மட்டும் தெரிந்தது. அவளோ, "காதுக்குப் பக்கத்தில வைச்சுத் தட்டின மாதிரி இருக்கடி!" என்று கத்தினாள்.

எண்ணுவது சலித்துவிட்டது. எங்களுக்கென்று ஒரு இரகசிய அடையாளம் வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான். நானாவிடமிருந்து பார்த்துப் பார்த்துப் பழகியது. ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு.

தூரத்தில் அலவாங்குச் சத்தம் கடகடவென்று கேட்டது. மூதூரிலிருந்து லாஞ்ச் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக வள்ளத்துக்கு எட்டத்தான் போகும், அன்றைக்குக் கொஞ்சம் கிட்டவாக வந்தது. அலவாங்குச் சத்தம் நின்றது. நான் அதைக் கேட்டேன், கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சாள் கையைக் காட்டிவிட்டுத் தலையைத் தாழ்த்தினாள். நான் தட்டினேன். ஒன்று. இடைவெளி. இரண்டு.

உனக்கு விளங்கவில்லையா என்று கேட்பீர்கள். சத்தியமாக விளங்கவில்லை. தண்ணீரில் சத்தம் போகும் என்று படித்திருந்தேன். மச்சாள் வரை போகும் என்று நினைத்தேன். மச்சாளோடு அது நின்றுவிடாது, நாலா பக்கமும் ஒரே மாதிரிப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தத்துக்கு ஆளைத் தெரியாது.

மச்சாள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சேர்த்துத்தான் எனக்குப் பின்னால் லாஞ்சின் சங்கு அலறியது. ஆட்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிறகு இயந்திரம் நின்றது. நடுக்கடலில் லாஞ்சின் இயந்திரம் நின்றால் எப்படி இருக்கும் என்று அதற்கு முதல் எனக்குத் தெரியாது. நானாவின் குரல் மட்டும் தண்ணீருக்கு மேலால் வந்தது. அவர் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவைக் கரைக்குக் கொண்டுவந்ததை எழுதமாட்டேன். அவர் லாஞ்சுக்கு நேர் கீழே வந்து எழும்பியிருந்தார். அவ்வளவு போதும்.

அடக்கம் செய்த அன்று மத்தியானம், வீடு நிறைய ஆட்கள் இருக்க, குசினிக்குள் அம்மா தனியாக நின்ற நேரம் பார்த்துச் சொன்னேன். "அம்மா, நாங்களும் தட்டினனாங்கள். தண்ணிக்குள்ள. ரெண்டு தரம்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தா. "எங்கயிருந்து?"

"ஜெட்டியில இருந்து."

"ஜெட்டி எங்க, வள்ளம் எங்க? பக்கத்தில நிண்டா எனக்கே கேட்டிராது, அவருக்குக் கேக்குமே? விசர்க் கதை கதையாதை." என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தா. "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. அப்பாவுக்கும் சொல்லாதை."

தண்ணீருக்குள் பிறந்த சத்தம் காற்றுக்குள் வர மிகவும் கஷ்டப்படும். தண்ணீரின் மேற்பரப்பில் போய் முட்டி, அநேகமாக எல்லாமே திரும்பித் தண்ணீருக்குள்தான் போகும். மேலே நிற்பவருக்குக் கேட்காதது, கீழே இருப்பவருக்குத் தலைக்குள் இடிக்கும். அம்மா காற்றில் நின்று அளந்தா. ஊரும் காற்றில் நின்றுதான் அளந்தது. அன்றைக்கு ஜெட்டியில் நின்ற ஒருவருக்கும் என் தட்டுக் கேட்கவில்லை, ஆகவே அப்படி ஒரு தட்டே இல்லை.

அடுத்த நாள் அப்பாவின் மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். போல்ட் இரண்டும் இல்லை. நான் அவற்றைத் திருப்பி வைத்திருந்தேன், நல்ல ஞாபகம். பெட்டியிலிருந்து எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. விசர்க் கதை என்றால் போல்ட்டை ஏன் ஒளிக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு முப்பது வயது ஆனது. அதற்குள் அம்மா இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ஜெட்டிக்குக் கிட்ட உள்ள வேம்புக்குக் கீழே பெரிய ஆட்கள் கூடினார்கள். கதிரைகள் எங்கள் வீட்டிலிருந்துதான் போயின. லாஞ்சை ஓட்டிய சுக்கானி வந்திருந்தார். நானாவும் வந்தார், அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை. லாஞ்ச் போக முதலே அவர் "வா" என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டார் என்று அதற்குள் ஊர் முடிவு செய்திருந்தது.

சுக்கானி சொன்னார்: "நான் பாக்கேக்க இவற்ர கையில சுத்தியல் இருந்தது."

"இருந்திச்சு," என்றார் நானா. "வராத, வராத எண்டு தட்டின சுத்தியல். லாஞ்ச் கிட்ட வந்ததும் நிப்பாட்டினேன். போகட்டும் எண்டு பாத்துக்கிட்டு நிண்டேன். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன், அந்த ரெண்டு தட்டு நான் தட்டல்ல."

"அப்ப அவன் ஏன் மேல வந்தவன்?" என்றார் அப்பா. "ஆறு வருசமா ரெண்டு தட்டுக் கேக்காமல் அவன் மேல வந்தவனே? ஆர் தட்டினது? மீனா?"

நானா திரும்பிக் கடலைப் பார்த்தார். அவருக்கே அது விளங்கவில்லை, முகத்தில் தெரிந்தது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேனோ என்னவோ, அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தா. அவவின் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. மச்சாள் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நானாவைக் கடலுக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் இறங்குவார்கள்? அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். "தட்டு நானா" என்று பெயர் வைத்தார்கள். அவர் மார்க்கெட் பக்கம் வந்தால், யாராவது தகரத்தில் இரண்டு தரம் தட்டிவிட்டு ஓடுவார்கள். யாராவது என்று ஏன் எழுதுகிறேன்? உங்களில் சிலர் தட்டினீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், சைக்கிள் கடைத் தகரத்தில். நான் பக்கத்தில் நின்றேன். நானா திரும்பி ஓடுபவர்களைப் பார்க்கவில்லை. தன்னுடைய வலது கையைப் பார்த்தார். அதை நான் கண்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவர் வீதியில் எதிர்ப்பட்டால் அம்மா மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுவா. கோபம் என்று ஊர் நினைத்தது. கோபக்காரர் நிமிர்ந்து முறைப்பார்கள். அம்மா குனிந்துகொண்டு போனா.

பிறகு சண்டை வந்தது, நாங்கள் எல்லோரும் எங்கெங்கோ ஓடினோம், திரும்பி வந்தோம், மறுபடி ஓடினோம். அதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த அகதி முகாமில் இருந்தாலும், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் வரும் தட்டுச் சத்தத்துக்கு நான் எழும்பி இருந்துவிடுவேன். ஒன்று, இடைவெளி, இரண்டு என்று வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தண்ணீருக்குள் என் தலை போனதில்லை. கடலில் குளிக்காத துறைமுகத்துப் பெண் என்று என் மனுசன் சாகும் வரை பகிடி பண்ணினார். அவருக்கும் சொல்லவில்லை.

ரீச்சரானேன். வருடா வருடம் ஒலி என்ற பாடம் வரும். மேளத்தில் அரிசி போட்டேன், தீப்பெட்டியில் நூல் கட்டினேன், எட்டுப் பேரை வரிசையில் நிறுத்தித் தள்ளினேன். மேசையில் காதை வைக்கச் சொல்லி மற்ற நுனியில் நகத்தால் சுரண்டினேன். தண்ணீர் வரும் பக்கத்தை மட்டும் பிள்ளைகளே வாசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு வருடம், நிலாவெளியிலிருந்து வந்த ஒரு சின்னப்பிள்ளை எழும்பி நின்றாள். "ரீச்சர், தண்ணிக்குள்ள சத்தம் கேக்குமே?"

"கேக்காது," என்றேன். "இரு."

அந்தப் பிள்ளைக்கு மீன்பிடிக்கிற தகப்பன். கேட்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இருந்தாள். என் வாழ்க்கையில் நான் தெரிந்து தெரிந்து பிழையாகப் படிப்பித்த பாடம் அது ஒன்றுதான். ஊருக்கு நாங்கள் படிப்பித்ததும் அதே பாடம்தான்.

படத்தைப் பார்த்த அன்று கனடாவில் இருக்கிற மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்லப்போகிறேன் என்றேன். "ஏனடி இப்ப?" என்றாள். அவளுடைய வீட்டில் ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை நிற்பாட்டிவிட்டு வந்தாள். பிறகு, "அப்ப நானும் நிண்டனான் எண்டு சொல்லு," என்றாள். சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனேன். நானா உயிரோடு இருக்கிறார் என்றும் வீடு எது என்றும் பாலத்தடிக் கடையில் சொன்னார்கள். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ஒரு மேசை விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உடம்பு வற்றிவிட்டது. நான் யார் என்று சொன்னதும் ஸ்குரூவைக் கீழே வைத்தார். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

நான் முடித்ததும் கேட்டார், "எத்தின தட்டு?"

"ரெண்டு."

"எடவெளி விட்டா?"

"ஓம். நீங்கள் விடுற மாதிரி."

"ரெண்டு இரும்பும் தண்ணிக்குள்ளதானா?"

"ஓம்."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார். மகனுக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். "இங்க இரி. இவ சொல்றதக் கேளு." என்னைப் பார்த்து, "இன்னொருக்காச் சொல்லுங்க புள்ள," என்றார்.

சொன்னேன். மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். தட்டு நானாவின் பிள்ளையாக வளர்ந்தவர் அவர். மருமகள் தேத்தண்ணியோடு வந்தா. "அவவுக்கும் சொல்லுங்க." சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் ஐஸ் வாங்க வந்தா. அவவையும் இருத்தினார். அஸர் தொழுகை முடிந்து வீதியால் வந்த இரண்டு பேரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் முதல்தரம் கேட்பவர் மாதிரி முன்னால் குனிந்து கேட்டார். களைப்பில் நான் எதையாவது விட்டால், "போல்ட்ட விட்டுட்டீங்க," என்று நினைவுபடுத்தினார். அன்றைக்கு ஏழு தரம் சொன்னேன். ஏழாம் தரம் எனக்குக் குரல் இல்லை.

அவர் என்னை ஏசுவார் என்று போனேன். இல்லாவிட்டால் மன்னிப்பார் என்று. இரண்டும் நடக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன், "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா."

"அத நான் அல்லாஹ்வோட கதைச்சுக்குறன்," என்றார். "எனக்கு இது புதுசில்ல புள்ள. நான் தட்டல்லண்டு எனக்குத் தெரியுந்தானே. தெரிஞ்சவனிட்ட வந்து சொல்லி என்ன? என்ர மனுசி தெரியாமலே போயிட்டா. ஒரு நாளும் கேக்கல்ல, ஆனா நம்பல்ல. இனி அவக்குச் சொல்ல ஏலாது. உங்கட பக்கத்துல யாருக்குச் சொன்னீங்க?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அண்டைக்கு இருந்த ஆக்கள் இன்னும் உசிரோட இரிக்காங்கதானே?"

இருக்கிறீர்கள்.

உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். குழுவில் இருக்கும் எல்லோருடைய பெயரையும், தகப்பன் பெயரோடு சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடித்தார். விரல் முடிந்ததும் மகனைக் கூப்பிட்டுக் கடதாசியில் எழுதச் சொன்னார்.

ஆகவே, இதை வாசித்து முடித்த பிறகு எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். கும்பிட்ட கையும் வேண்டாம். அன்றைக்குத் தட்டியது நான். அவருடைய மகனின் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புகிறேன். எடுத்து, "தட்டினது நீங்களில்லை எண்டு கேள்விப்பட்டம்" என்று உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறார். எண்பத்தாறு வயது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.